பூ நிறைய, பிஞ்சு இல்லை: மருந்து வாங்கும் முன் பூவைப் பிரித்துப் பாருங்கள்

"கொடி முழுக்கப் பூ. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?"

காய்கறி விவசாயிகளிடமிருந்து ஆண்டு முழுவதும் வரும் கேள்வி இது. நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன்: உதிர்ந்த பூவின் அடியில் குட்டிக் காய் இருந்ததா, வெறும் காம்பு மட்டும் இருந்ததா? பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் கடையில் கொடுத்த டானிக் ஒரு முறை அடித்து முடித்திருப்பார்கள். சிலர் அதோடு பூச்சி மருந்தையும் கலந்து, காலை 7 மணிக்கே அடித்திருப்பார்கள். அந்தக் காலை 7 மணி செய்யும் கேடு பெரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூ உதிர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. சில பூக்கள் உதிர்வதற்கென்றே பூக்கின்றன. சில பூக்களுக்கு மகரந்தம் வந்து சேருவதில்லை. சில பூக்களில் மகரந்தம் சேர்ந்தும், செடியால் அந்தப் பிஞ்சைத் தாங்க முடிவதில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் அடிக்கும் மருந்து பணத்துக்குத்தான் கேடு.

வெண்டைப் பூவில் பாடம்

நாளைக் காலை உங்கள் தோட்டத்தில் ஒரு வெண்டைப் பூவைப் பறித்து, மஞ்சள் இதழ்களைக் கிழித்து எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு தண்டு நிற்கும். அதைச் சுற்றி மஞ்சள் தூள் ஒட்டிய சிறு முடிச்சுகள் இருக்கும். விரலில் தொட்டால் ஒட்டும் அந்தத் தூள்தான் மகரந்தம். முடிச்சுகள் மகரந்தப்பைகள். இது ஆண் பாகம். தண்டின் உச்சியில் கருஞ்சிவப்பாக, வெல்வெட் துணி போலச் சில குமிழ்கள் தெரியும். அது சூல்முடி. அடியில், இதழ்களுக்குள் மறைந்து, விரல் நகம் அளவுக்கு வெண்டைக்காயின் உருவத்திலேயே ஒன்று இருக்கும். அது சூலகம். சூல்முடியும் சூலகமும் பெண் பாகம். பூ மலரும் நாளிலேயே காயின் வடிவம் தயாராக இருக்கிறது.

மகரந்தத் தூள் சூல்முடியில் விழுந்ததும், விதை முளைப்பது போல அதுவும் முளைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய் ஒன்று அதிலிருந்து கிளம்பி, சூலகத்துக்குள் இறங்கி, அங்கே உள்ள சூல் ஒன்றைச் சேர்கிறது. அந்தச் சூல் விதையாகிறது. ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் தூள் வேண்டும். 50 விதை உள்ள காய்க்குக் குறைந்தது 50 தூள் வந்து முளைத்திருக்க வேண்டும்.

இனி சொல்வதை மனத்தில் வையுங்கள். காயை வளரச் சொல்லி ஆணையிடுவது விதைதான். வளரும் விதையிலிருந்து சுரக்கும் ஊக்கிகள்தான் சுற்றியுள்ள சதையைப் பெருக்க வைக்கின்றன. விதை பிடிக்கவில்லை என்றால், பிஞ்சு மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் விதை பிடித்தால் அந்தப் பக்கம் மட்டும் பருக்கும். வெள்ளரிக்காய் வளைவதும், தர்பூசணி ஒரு பக்கம் சப்பையாக இருப்பதும், சுரைக்காயின் நுனி சூம்பிப் போவதும் பல நேரம் இதனால்தான். சத்துக் குறைவு என்று நினைத்துச் சந்தையில் கழித்துக்கட்டப்படும் அந்தக் காயை ஒன்று நறுக்கிப் பாருங்கள். சூம்பிய பக்கத்தில் விதை இருக்காது.

இந்த விதிக்கு வாழை விலக்கு. மகரந்தம் சேராமலேயே வாழைக்காய் பருக்கும். தாரில் முதலில் சீப்புச் சீப்பாக வெளிவருபவை பெண் பூக்கள். கடைசியில் தொங்கும் மொக்கு, நாம் சமைக்கும் வாழைப்பூ, ஆண் பூக்களின் தொகுதி. காய்ப்பதற்கு அது தேவையில்லை. அதனால்தான் கடைசிச் சீப்பு விரிந்த பிறகு அதை ஒடித்துவிடச் சொல்கிறோம்.

பூசணிக் குடும்பம்: ஆண் பூ காய்க்காது

பூசணி, பரங்கி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி, தர்பூசணி எல்லாம் ஒரே குடும்பம். பொதுவாக இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே கொடியில் இருக்கும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம். இதழ்களுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று இருக்கும். பூசணியில் கோலிக்குண்டு போல, புடலையில் விரல் போல, பாகலில் முள்ளோடு. ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

கொடியில் முதலில் வருவது ஆண் பூக்கள். பெண் பூ அதற்கு மேலுள்ள கணுக்களில், பல நாள் கழித்துத்தான் வரும். ஆகவே முதல் வாரத்தில் பூக்கும் பூ எல்லாம் கொட்டினால் அது நோயல்ல, கொடியின் இயல்பு. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. பெண் பூ வரத் தொடங்கிய பிறகும் ஆண் பூக்களே மிக அதிகமாக இருந்தால் அப்போது கவலைப்படலாம். கடும் வெயில் காலத்தில் ஆண் பூ கூடும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும் கொடி இலையும் தண்டுமாகக் கொழுத்து, பெண் பூ தள்ளிப் போகும். முற்றிய காயைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டாலும் அடுத்த பிஞ்சுகள் பிடிப்பது குறையும். விதைக்காக விடும் காய்களைச் சில கொடிகளில் மட்டும் விடுங்கள்.

பெண் பூவைக் கூட்ட எத்ரல் தெளிக்கலாமா என்று கேட்பீர்கள். தெளிக்கலாம், ஆனால் பருவம் முக்கியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி பூசணிக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி., பாகலுக்கும் புடலைக்கும் 10 லிட்டருக்கு 1 மி.லி. என்ற அளவில், வாரம் ஒரு முறையாக 4 முறை தெளிக்க வேண்டும். இதைத் தொடங்குவது விதைத்த 10 முதல் 15 நாளில், இரண்டு இலைப் பருவத்தில். கணுவில் எந்தப் பூ வர வேண்டும் என்பது அந்த இளம் பருவத்திலேயே முடிவாகத் தொடங்கிவிடுகிறது. பந்தல் ஏறி, பூத்துக் குலுங்கும் கொடிக்கு எத்ரல் அடிப்பது பரீட்சை முடிந்த பிறகு படிப்பது மாதிரி. அளவைக் கூட்டினாலும் ஆபத்து. கொடி குட்டையாகி நின்றுவிடும்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் பேய்ச்சுரை இருந்தால் என் சுரைக்காய் கசக்குமா என்கிறார்கள். இந்த ஆண்டுக் காய் கசக்காது. காயின் சதை தாய்க்கொடியின் உடம்பு. வெளியிலிருந்து வந்த மகரந்தம் விதைக்குள்தான் தன் குணத்தை வைக்கிறது. அந்த விதையை எடுத்து அடுத்த பட்டத்தில் போட்டால் கசப்பு வரலாம். சொந்த விதை எடுப்பவர்கள், நாளை மலரப் போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முன்கூட்டியே காகிதப் பையால் மூடி வைத்து, மலர்ந்ததும் கையால் சேர்த்து, மறுபடி மூடிவிட வேண்டும். எது எப்படியிருந்தாலும், கசக்கும் சுரைக்காயைச் சமைக்காதீர்கள், சாறும் குடிக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்தான நஞ்சு.

நூல் கட்டிப் பாருங்கள்

பெண் பூவும் இருக்கிறது, பிஞ்சும் தெரிகிறது, ஆனாலும் மஞ்சளாகி விழுகிறது. இப்போது என்ன செய்வது? செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

பூசணித் தோட்டத்தில் காலை 6 முதல் 8 மணிக்குள் போய், அன்று மலர்ந்த பெண் பூக்கள் 10 தேர்ந்தெடுங்கள். 5 பூவின் காம்பில் சிவப்பு நூலும், 5 பூவின் காம்பில் வெள்ளை நூலும் தளர்வாகக் கட்டுங்கள். அன்றே மலர்ந்த ஆண் பூக்களைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் உள்ள மஞ்சள் தண்டை, சிவப்பு நூல் கட்டிய பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். அங்கே சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும். மூன்றிலும் படும்படி தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாகும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். வெள்ளை நூல் கட்டியவற்றைத் தொடாதீர்கள்.

ஐந்து நாள் கழித்துப் பாருங்கள். சிவப்பு நூல் பிஞ்சுகள் நின்று, வெள்ளை நூல் பிஞ்சுகள் விழுந்திருந்தால் உங்கள் கொடியில் குறையில்லை. தேனீ வரவில்லை. எந்த டானிக்கும் இதைச் சரிசெய்யாது. இரண்டுமே விழுந்திருந்தால் வெயில், தண்ணீர், சத்து, நச்சுயிரி நோய் என்ற பக்கம் தேட வேண்டும். இரண்டுமே நின்றிருந்தால் கவலையை விடுங்கள். விழுந்த பிஞ்சுகளை நறுக்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. பாகலிலும் பீர்க்கிலும் இதை மகரந்தக் கோளாறு என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு.

பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைத் தூக்காது. தேனீயோ வண்டோ உடம்பில் ஒட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. பூவும் ஒரே ஒரு காலைக்குத்தான் திறந்திருக்கும். விடியும் முன் மலர்ந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வராவிட்டால் அந்தக் காய் உங்களுக்கு இல்லை. தேனீ ஒரு முறை உட்கார்ந்தாலும் போதாது. பல முறை வந்து போனால்தான் காய் முழு உருவம் பெறும். சின்னத் தோட்டமென்றால் கையாலேயே சேர்த்துவிடலாம். ஒரு ஏக்கருக்கு அது முடியாது. தோட்ட ஓரத்தில் தேனீப் பெட்டி வைப்பதுதான் வழி.

நிழல்வலைக் குடிலுக்குள்ளும் பசுமைக்குடிலுக்குள்ளும் வெள்ளரி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன. விதை வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். திறந்தவெளி ரகத்தை உள்ளே போட்டால், வலை பூச்சியை மட்டுமல்ல, தேனீயையும் தடுத்துவிடும். விதையில்லாத் தர்பூசணியில் சிக்கல் வேறு வகை. அதன் சொந்த மகரந்தம் பயன்படாது. ஆகவே இடையிடையே விதையுள்ள ரகத்தையும் நட்டே ஆக வேண்டும். விதைக் கம்பெனி சொல்லும் விகிதத்தைக் குறைக்காதீர்கள்.

"மாலையில் மருந்து அடி" என்பது எல்லாக் கொடிக்கும் பொருந்தாது

இப்போது அந்தக் காலை 7 மணிக்கு வருவோம். பூசணி, வெள்ளரி, தர்பூசணி, பாகல் எல்லாம் விடியற்காலை மலர்பவை. 7 மணி என்பது தேனீ மும்முரமாக வேலை செய்யும் நேரம். அப்போது இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சி மருந்தைப் பூவின் மேல் அடித்தால் அன்றைய பிஞ்சு மட்டும் போவதில்லை. மருந்து பட்ட தேனீ கூட்டுக்குத் திரும்பாது. அல்லது மருந்தோடு கூட்டுக்குப் போகும். அடுத்த சில வாரங்களுக்கும் உங்கள் தோட்டத்துக்கு வர ஆளில்லை. பிஞ்சு நிற்கவில்லை என்று மறுபடி கடைக்குப் போவீர்கள்.

அதனால்தான் பூச்சி மருந்தை மாலையில் அடிக்கச் சொல்கிறோம். ஆனால் சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் மாலையில் மலர்பவை. சுரையின் வெள்ளைப் பூவும், நூல் நூலாக ஓரம் பிரிந்த புடலைப் பூவும் பொழுது சாயும்போது விரிந்து, இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கின்றன. பீர்க்கின் மஞ்சள் பூ மாலை 5 மணிக்கு மேல் மலரும். தேனீயும் வண்டும் அதற்கு மாலையிலும் வரும், மறுநாள் காலையிலும் வரும். இந்தக் கொடிகளில் மாலை 6 மணிக்குத் தெளித்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே பூ திறக்கும் நேரத்தில் விஷம் போடுகிறீர்கள். இவற்றுக்குக் காலையில், முந்தைய நாள் பூக்கள் சுருங்கிய பிறகு, வெயில் கடுமையாவதற்கு முன் தெளியுங்கள். பக்கத்திலேயே பூசணி பூத்திருந்தால் காற்று அந்தப் பக்கம் வீசாத நாளாகப் பாருங்கள். கையால் மகரந்தம் சேர்ப்பதும் நூல் சோதனையும் இந்த மூன்று கொடிகளுக்கு மாலையில்தான்.

ஒரே பந்தலில் பாகலும் புடலையும் கலந்து போட்டிருப்பவர்களுக்கு மருந்து அடிக்க நல்ல நேரமே இல்லை என்பது உண்மை. கலக்காமல் இருப்பது நல்லது.

கத்தரி: குட்டைச் சூல்தண்டு

கத்தரியில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில் இருக்கின்றன. ஆனாலும் எல்லாப் பூவும் காய்க்காது. ஊதாப் பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பு போலக் கூடி நிற்கும். அந்தக் கூம்பின் நுனியைத் தாண்டிப் பச்சையாக ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. நுனிக்குச் சமமாக இருந்தாலும் காய்க்கும். பச்சை முனை வெளியே தெரியாமல் கூம்புக்குள் புதைந்து கிடந்தால் அது குட்டைச் சூல்தண்டுப் பூ. பூத்து, வாடி, விழும். அதற்கு வேறு விதி இல்லை.

கொத்தாகப் பூக்கும் ரகங்களில் கொத்தின் அடியில் முதலில் வரும் பூதான் பெரும்பாலும் காய்க்கும். நுனியில் உள்ளவை பல நேரம் குட்டை வகை. செடியில் காய் அதிகமாக இருக்கும்போதும், சத்துக் குறையும்போதும் குட்டைப் பூக்கள் கூடும். 20 பூவை எண்ணிப் பார்த்து, பாதிக்கு மேல் குட்டையாக இருந்தால், முற்றிய காய்களைப் பறித்துவிட்டு மேலுரத்தைக் கவனியுங்கள். நீண்ட சூல்தண்டுப் பூக்களே உதிர்ந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும். மொட்டில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டு மற்றும் காய்த் துளைப்பான் மொட்டையும் விடாது.

கத்தரியின் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் ஊசித் துளை போல் ஒரு வழி இருக்கிறது, உப்பு டப்பா மூடியில் இருப்பதைப் போல. ஆட்டினால்தான் தூள் கொட்டும். கட்டைகளில் துளை போட்டு வாழும் பெரிய கருவண்டும், உடம்பில் நீல வரியுள்ள ஒரு வகைக் காட்டுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிர வைத்து "ஙொய்" என்று ஓர் ஓசை எழுப்பும். அந்த அதிர்வில் தூள் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு கூடு வைப்பது பட்ட மரத்திலும் பழைய மூங்கிலிலும். வேலியோரம் கிடக்கும் இரண்டு காய்ந்த கட்டைகளை அடுப்புக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். உண்மையிலேயே அது கத்தரிக்கு உதவும்.

தக்காளிக்கும் அதிர்வு வேண்டும். வெளியில் காற்றே ஆட்டிவிடும். குடிலுக்குள் இருந்தால் காலையில் கட்டுக் கயிறுகளை லேசாகத் தட்டிவிட்டு நடங்கள். ஆனால் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் தணியாத வாரங்களில் தக்காளி மகரந்தம் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அப்போது தட்டியும் பயனில்லை. நடவுப் பட்டத்தை மாற்றுவதுதான் வழி.

மிளகாய்க்கு அதிர்வு தேவையில்லை. அதன் பிரச்சினை பூவின் காம்பு விடுபட்டு விழுவது. என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை 10 பி.பி.எம். அளவில் நட்ட 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் தெளிப்பது அதற்கான பரிந்துரை. பயறு வகைகளுக்கு அளவு வேறு. மிளகாய்க்கு வாங்கிய மீதியை அதே அளவில் எல்லாவற்றுக்கும் ஊற்றாதீர்கள். டப்பாவில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அச்சிடாத எதையும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

நெல்லும் பூக்கிறது, ஒரு மணி நேரம்

நெல்லுக்கும் பூ உண்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு நெல்மணியும் ஒரு பூ. கதிர் வெளிவந்ததும் நுனியிலிருந்து கீழ்நோக்கி, ஏறத்தாழ ஒரு வாரம் மலரும். அன்றன்று மலர்பவை பெரும்பாலும் காலை 9 முதல் 11 மணிக்குள் உமி பிரிந்து, 6 மகரந்தப்பைகளை வெளியே நீட்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். வெளியே வந்த மகரந்தத்தின் ஆயுள் சில நிமிடங்கள்தான். தன் தூள் தன் மேலேயே விழுந்து கருவாகிவிடுவதால் தேனீ வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

கதிர் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டதே என்று பதறி, பூக்கும் வாரத்தில் காலை 10 மணிக்கு மருந்து அடிக்கிறார்கள். திறந்த பூவில் நீர்த்துளி பட்டால் மகரந்தம் ஊறி வெடித்து வீணாகும். அவசியமானால் மாலையில் அடியுங்கள். மழைக்கு யாரும் நேரம் சொல்ல முடியாது. சம்பா பூக்கும் நாட்களில் காலை மழை தொடர்ந்தால் பதர் கூடும். கோடையில் பூக்கும் நெல்லுக்கு மழையைவிட வெயில்தான் எதிரி. மலரும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் கரு பிடிப்பது குறைகிறது. பூக்கும் வாரத்தில் வயலில் நீர் நிறுத்துவது கொஞ்சம் உதவும். கடும் வெயில் வாரத்தில் பூக்காத மாதிரி விதைப்பு நாளைக் கணக்கிடுவதுதான் பெரிய உதவி.

பதர் விழுந்த கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான். மணியின் மேல் பழுப்புப் புள்ளி இருந்து உள்ளே சப்பையாக இருந்தால் நாவாய்ப்பூச்சி பாலைக் குடித்திருக்கிறது. புள்ளியும் இல்லை, பூச்சித் தடமும் இல்லை, உமிக்குள் ஒன்றுமே இல்லை என்றால் கரு பிடிக்கவே இல்லை.

மக்காச்சோளத்தில் உச்சிக் கதிர் ஆண், இடையில் உள்ள கதிர் பெண். கதிரின் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். நூல் எத்தனை நனைந்ததோ அத்தனை மணி என்று சொல்வதற்குப் பதில், எத்தனை நூலில் தூள் விழுந்ததோ அத்தனை மணி என்று சொல்லலாம். நூல் வரும் சமயத்தில் தண்ணீர் தவறினால் உச்சியில் தூள் கொட்டி முடிந்த பிறகு நூல் வெளியே வரும். கதிர் பொக்கை விழும். ஒரே வரிசையாக வரப்போரம் நட்டாலும் அப்படித்தான்.

சூரியகாந்தித் தலையில் வெளி வட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் பூக்கள் நாள்தோறும் மலரும். பூக்கும் நாட்களில் காலை 9 முதல் 11 மணிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 5 முறை, மெல்லிய துணி சுற்றிய கையால் தலையைத் தடவிக் கொடுப்பது பழைய பரிந்துரை. இன்றும் பலன் தருகிறது. ஹெக்டேருக்கு 5 தேனீப் பெட்டிகள் வைத்தால் அந்தக் கூலி மிச்சம்.

தென்னை: இன்றைய குரும்பை, மூன்று ஆண்டுக்கு முந்தைய கணக்கு

தென்னம்பாளை வெடித்ததும் பாருங்கள். கிளைகளில் அரிசி போல ஆயிரக்கணக்கில் இருப்பவை ஆண் பூக்கள். கிளைகளின் அடியில் உருண்டையாக, 20 முதல் 40 வரை இருப்பவை பெண் பூக்கள். அவைதான் குரும்பை. நெட்டை மரத்தில் ஆண் பூக்கள் முதல் மூன்று வாரத்தில் தூள் கொட்டி உதிர்ந்துவிடும். அதன் பிறகுதான் பெண் பூ தேன் சுரந்து தயாராகும். ஆகவே அதற்குத் தூள் வேறு மரத்திலிருந்து வர வேண்டும். குட்டை ரகங்களில் இரண்டு பருவமும் ஒன்றோடொன்று கலப்பதால் தன் தூளே போதும்.

எல்லாக் குரும்பையும் காயாகாது. பாதிக்கு மேல் கொட்டினாலும் அது மரத்தின் வழக்கமாக இருக்கலாம். ஆனால் பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. பாளை வெளியே வருவதற்கு ஏறத்தாழ 32 மாதம் முன்பே, குருத்துக்குள் அந்தப் பூங்கொத்து உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்த பிறகு தேங்காய் முற்ற இன்னும் 12 மாதம். மொத்தம் 44 மாதம். இந்த ஆண்டு நல்ல மழை பெய்தும் காய் குறைந்தால், இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் மரம் காய்ந்தபோது பட்ட அடி இப்போது தெரிகிறது என்று பொருள். இந்த மாதம் வைக்கும் உரத்தின் முழுப் பலனை அடுத்த மாதம் எதிர்பார்ப்பதும் அதே தவறு. வேர் வழியாகப் பல்கலைக்கழகத் தென்னை டானிக் 200 மி.லி. வீதம் 6 மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது குரும்பை கொட்டுவதைக் குறைக்கும். ஆனால் மூடாக்கும் கோடைத் தண்ணீரும் இல்லாத தோப்பில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பப்பாளி: எந்த மரத்தை வெட்டுவது

பனையில் அலகுப் பனை காய்க்காது, பருவப் பனைதான் காய்க்கும் என்று நமக்குத் தெரியும். பப்பாளியிலும் அப்படி மரமே ஆண், பெண் என்று பிரியும் ரகங்கள் உண்டு. கோ 2, கோ 5, கோ 6 இந்த வகை. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் சிறு பூக்கள் ஆண் மரத்தின் அடையாளம். தண்டை ஒட்டி, அடி பருத்த பெரிய பூ இருந்தால் பெண் மரம். இந்த ரகங்களில் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டு, மற்ற ஆண் மரங்களைப் பூத்த உடனே வெட்டிவிடலாம்.

கோ 3, கோ 7 ரகங்களிலும் ரெட் லேடியிலும் ஆண் மரம் இருக்காது. பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும். கோ 3, கோ 7 தோட்டத்தில் இருபால் மரங்களை வைத்துக்கொண்டு பெண் மரங்களை நீக்க வேண்டும் என்பது பரிந்துரை. இருபால் மரத்தின் காய் நீளமாக இருக்கும், பெண் மரத்தின் காய் உருண்டையாக இருக்கும். ஆண் மரம் ஒன்று அவசியம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வெளியிலிருந்து ஆண் கன்று தேடி இந்த ரகங்களுக்கு நடுவே நடாதீர்கள். கடும் கோடையில் இருபால் மரம் சில வாரம் ஆண் பூ போலவே பூத்துக் காய் பிடிக்காமல் நிற்கும். வெயில் தணிந்ததும் திரும்பிவிடும். அந்தச் சமயத்தில் அவசரப்பட்டு வெட்டிவிட வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். கிசான் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551-லும் தமிழில் கேட்கலாம். வரும்போது உதிர்ந்த பூக்கள் பத்தும், உதிராமல் செடியில் இருந்த பூக்கள் பத்தும் தனித்தனிக் காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். ரகம், விதைத்த நாள், கடைசியாக அடித்த மருந்தின் பெயர், அடித்த மணி, இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பலர் மருந்தின் பெயரைச் சொல்வார்கள். அடித்த மணியை எழுதுபவர்தான் அரிது.